கேனான் எஸ்95-ஆ, பானசோனிக் எல்எக்ஸ்5-ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சின்னக் கேமரா ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்குபவர்களில் பலர் கடைசியில் கேனான் பவர்ஷாட் எஸ்95, பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்5 என்ற இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வரிசைப்படுத்தி, கீழே பதில் தந்திருக்கிறோம்.

இந்த ரெண்டையும் ஏன் எப்பவும் சேர்த்தே பேசுறாங்க?

இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். எல்எக்ஸ்5 2010 ஜூலையில் அறிவிக்கப்பட்டது, எஸ்95 அடுத்த மாதமே வந்தது. இரண்டிலும் 10 மெகாபிக்சல் சிசிடி வகை சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), அகலக் கோணத்தில் எஃப்/2.0 வரை திறக்கும் லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம்), ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு) வசதி, ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் ஒளித் துளை) நாமே வைத்துக்கொள்ளும் முழு மேனுவல் முறை எல்லாம் உண்டு.

அந்தக் காலத்துச் சாதாரண பாக்கெட் கேமராக்களில் 1/2.3 அங்குல சென்சார் இருந்தது. எஸ்95-இல் இருப்பது 1/1.7 அங்குலம், எல்எக்ஸ்5-இல் 1/1.63 அங்குலம். பரப்பளவில் கணக்குப் பார்த்தால் சாதாரணக் கேமராவைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்றும் இவற்றைத் தேடி வாங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

சுருக்கமா சொல்லுங்க, எதை வாங்கலாம்?

தினமும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ போட்டுக்கொண்டு போக வேண்டுமென்றால் எஸ்95. வீட்டுக்குள் மனிதர்களை எடுப்பது, குறுகிய இடங்களில் எடுப்பது, வெளி ஃபிளாஷ் மாட்டுவது இவையெல்லாம் முக்கியமென்றால் எல்எக்ஸ்5.

நல்ல வெளிச்சத்தில், ஜூம் செய்யாமல் எடுத்த இரண்டு படங்களை ஏ4 அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கேமரா என்று பெரும்பாலானவர்களால் சொல்ல முடியாது. படத் தரத்தை மட்டும் வைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேமராவை எங்கே வைத்துக்கொண்டு போவீர்கள், எந்த வெளிச்சத்தில் எடுப்பீர்கள் என்ற இரண்டும்தான் இங்கே முடிவு செய்யும். அதற்கும் மேலே, கைக்கு வரும் கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்பது. நன்றாகப் பேணப்பட்ட எஸ்95, அடிபட்ட எல்எக்ஸ்5-ஐவிட எப்போதும் மேல். மறுபக்கமும் அப்படியே.

சைஸ்ல அவ்ளோ பெரிய வித்தியாசமா?

எண்ணில் பார்த்தால் சின்னதுதான். எஸ்95: அகலம் 100, உயரம் 58, தடிமன் 30 மி.மீ., பேட்டரியோடு 195 கிராமுக்குள். எல்எக்ஸ்5: 110, 65, 43 மி.மீ., 271 கிராம். ஆனால் பையைப் பொறுத்தவரை தடிமன்தான் கணக்கு. 30 மி.மீ. சட்டைப் பையில் இறங்கிவிடும், 43 மி.மீ. இறங்காது. அதற்கு மேல் எல்எக்ஸ்5-க்கு லென்ஸ் மூடியும் உண்டு.

அந்த மூடியைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எஸ்95-இல் பொத்தானை அழுத்தினால் லென்ஸை மூடியிருக்கும் மெல்லிய இதழ்கள் தாமாகவே திறந்து லென்ஸ் வெளியே வரும். எல்எக்ஸ்5-இல் மூடியைக் கையால் கழற்ற வேண்டும். மறந்து ஆன் செய்தால் மூடியைக் கழற்றச் சொல்லித் திரையில் செய்தி வந்து நிற்கும். குழந்தை சிரிக்கும் நொடி அதற்குள் போய்விடும். லென்ஸ் நீளும்போது தானாக விரியும் மூடிகள் வேறு நிறுவனத் தயாரிப்பாகக் கிடைக்கின்றன. எல்எக்ஸ்5 வாங்குபவர்கள் அதைச் சேர்த்தே வாங்குவது நல்லது.

ரெண்டுமே எஃப்/2 தானே? அப்புறம் ஏன் எல்எக்ஸ்5 லென்ஸைத்தான் புகழுறாங்க?

எஃப்/2 என்பது ஜூம் செய்யாத நிலையில் மட்டும். எஸ்95-இன் லென்ஸ் 28 முதல் 105 மி.மீ. வரை போகும் (இந்த எண் சிறிதானால் காட்சி அகலம், பெரிதானால் ஜூம்). ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் வேகமாகச் சுருங்கி, கடைசியில் எஃப்/4.9-இல் நிற்கும். எல்எக்ஸ்5-இன் லென்ஸ் 24 முதல் 90 மி.மீ.; கடைசியிலும் எஃப்/3.3 இருக்கும். 4.9-ஐ 3.3-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 2.2 வரும். ஜூமின் கோடியில் எல்எக்ஸ்5-க்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஒளி கிடைக்கிறது என்று பொருள்.

இதைக் கூடத்து டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டியின் முகத்தை ஜூம் செய்து எடுக்கிறீர்கள். எல்எக்ஸ்5 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400-இல் 1/30 நொடி கேட்கும் இடத்தில் எஸ்95 அதே ஐஎஸ்ஓவில் ஏறக்குறைய 1/13 நொடி கேட்கும். கை நடுக்கத்தை இரண்டு கேமராவிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் சமாளித்துவிடும். பாட்டி தலையைத் திருப்பினால் 1/13-இல் முகம் கலங்கிவிடும், அதற்கு ஸ்டெபிலைசர் உதவாது. 1/30-இல் பத்துக்கு ஐந்தாறு படமாவது தேறும். எஸ்95 வைத்திருப்பவர்கள் இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே: ஜூமை விட்டுவிட்டு 28 மி.மீ.-இல் இரண்டடி முன்னே போய் எடுப்பது. மிகவும் நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும், அதனால் முகம் மட்டும் இல்லாமல் மார்பளவு வரும்படி நில்லுங்கள்.

24-க்கும் 28-க்கும் நாலு மி.மீ. தானே வித்தியாசம்?

அகலக் கோணத்தில் நாலு மி.மீ. நிறைய. மூன்று மீட்டர் தள்ளி நின்று வழக்கமான 4:3 வடிவில் எடுத்தால் 28 மி.மீ.-இல் ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலம் அடங்கும், 24-இல் 4.3 மீட்டர். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் ஒருவர் உள்ளே வருவதற்கும் வெட்டுப்படுவதற்கும் அந்த 60 செ.மீ. போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: 24-இல் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள். அவர்களை நடுப்பக்கம் நெருக்கி நிற்க வையுங்கள்.

எல்எக்ஸ்5 லென்ஸ் மேல இருக்குற 4:3, 3:2, 16:9 ஸ்விட்ச் எதுக்கு?

மற்ற கேமராக்களில் 16:9 என்றால் 4:3 படத்தின் மேலும் கீழும் வெட்டித் தருவார்கள், அவ்வளவுதான். எல்எக்ஸ்5-இன் சென்சார் கொஞ்சம் பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது. 16:9-க்கு மாற்றினால் உயரம் குறையும், அதே சமயம் அகலம் கூடும். 4:3-இல் 3648 பிக்சல் அகலம், 3:2-இல் 3776, 16:9-இல் 3968. அதனால் இந்த மூன்று வடிவத்திலும் 24 மி.மீ. கோணம் குறையாமல் கிடைக்கிறது. மேலே சொன்ன மூன்று மீட்டர் கணக்கில் 16:9 வைத்தால் அகலம் 4.7 மீட்டர் ஆகும். 1:1 சதுரம் மட்டும் வெட்டியதுதான்.

சிக்கலும் இதே ஸ்விட்சில்தான். பைக்குள் உரசி தானாக நகர்ந்துவிடும். நாள் முழுக்கச் சதுரமாக எடுத்துவிட்டு மாலையில் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. வெளியே எடுத்ததும் இந்த ஸ்விட்சையும் மேலே இருக்கும் மோடு சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் போனே சூப்பரா எடுக்குதே, இது எதுக்கு?

இரவுப் படத்திலும், வெயிலும் நிழலும் கலந்த காட்சியிலும் இன்றைய நல்ல போன் இந்த இரண்டையும் தாண்டிவிடும். பல படங்களை எடுத்துச் சேர்க்கும் கணக்கு போனிடம் இருக்கிறது, 2010 கேமராவிடம் இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

கேமராவின் பலம் வேறு இடத்தில். முதலாவது உண்மையான ஜூம். 90, 105 மி.மீ. வரை ஒளியியலாகவே போகும். இரண்டாவது செனான் ஃபிளாஷ். போனில் இருப்பது தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கு. செனான் ஃபிளாஷ் கண்ணிமைக்கும் முன் வெடித்து முடிந்துவிடும், ஓடும் குழந்தையையும் உறைய வைத்துவிடும். மூன்றாவது, படத்தில் அதிகச் செயற்கை வேலைப்பாடு இல்லாமல், நிழல் நிழலாகவே வருவது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள்.

சிசிடி சென்சார்னா கலர் தனியா, ஃபிலிம் மாதிரி வருமாமே?

வண்ணம் சிசிடியில் பிறப்பதில்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் வண்ண வடிகட்டி, ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற திருத்தம்), கேமராவுக்குள் ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) உருவாக்கும் நிரல், லென்ஸ் இவை சேர்ந்துதான் வண்ணத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டுமே சிசிடி. ஆனாலும் ஒரே காட்சியை வேறு வேறு நிறத்தில் தருகின்றன என்பதே இதற்குச் சான்று. எஸ்95-இன் ஜேபெக்கில் தோல் நிறம் இதமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். எல்எக்ஸ்5-இல் தானியங்கி ஒயிட் பேலன்ஸை நம்பாமல், நிழலில் நிழல் குறியையும் விளக்கொளியில் பல்பு குறியையும் நாமே வைத்தால் நிறம் நன்றாகச் சேரும். ரா எடுத்துத் திருத்தினால் இந்த வேறுபாடு பெரும்பகுதி மறைந்துவிடும்.

பலர் "ஃபிலிம் மாதிரி" என்று ரசிப்பது வேறொன்றை: நேர் ஃபிளாஷில் பளிச்சென்ற முகமும் பின்னால் இருளும், வெள்ளைப் பகுதிகள் சட்டென வெளுத்துப்போவதும். அது உண்மையாகவே இந்தக் கேமராக்களில் கிடைக்கும்.

ஐஎஸ்ஓ எவ்ளோ வரைக்கும் போகலாம்?

இரண்டுக்கும் ஒரே பதில். 80 முதல் 200 வரை சுத்தம். 400 தாராளமாகப் பயன்படுத்தலாம். 800-இல் நிழல் பகுதிகளில் புள்ளி தெரியும். போன் திரைக்கும் சிறிய அச்சுக்கும் போதும். 1600 அவசரத்துக்கு, அதையும் ராவில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பார்க்கும்படி இருக்கும். 3200-உம் அதற்கு மேல் அளவைக் குறைத்துத் தரும் 12800-உம் விளம்பரத்துக்கு வைத்த எண்கள்.

கையில வந்ததும் முதல்ல என்ன செட்டிங் வைக்கணும்?

முதலில் பழைய உரிமையாளரின் அமைப்புகளை மெனுவில் ரீசெட் செய்து, தேதியைச் சரிசெய்யுங்கள். மெமரி கார்டைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். பிறகு மோடு சக்கரத்தை அப்பர்ச்சர் முறைக்குக் கொண்டுவந்து, தானியங்கி ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 800-இல் நிறுத்துங்கள். இரண்டு கேமராவிலும் இந்த வரம்பு மெனுவில் உண்டு. கோப்பு வகையில் ராவையும் ஜேபெக்கையும் சேர்த்து வையுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள்.

எஸ்95-இல் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அதன் வேலையை நாமே மாற்றிக்கொள்ளலாம். அதை ஸ்டெப் ஜூமுக்குக் கொடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு சொடுக்குக்கும் 28, 35, 50, 85, 105 என்று நின்று நின்று போகும். எந்தக் கோணத்தில் எடுக்கிறோம் என்பது நாளடைவில் விரலுக்கே பழகிவிடும். எல்எக்ஸ்5-இல் பின்னால் கட்டைவிரல் படும் சக்கரத்தைத் திருப்பலாம், உள்ளே அழுத்தவும் செய்யலாம். அழுத்தினால் அப்பர்ச்சரிலிருந்து எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) திருத்தத்துக்கு மாறும். இது தெரியாமல் "எக்ஸ்போஷர் மாற்ற வழியே இல்லை" என்று மெனு முழுக்கத் தேடுபவர்கள் நிறைய.

எல்எக்ஸ்5-இல் ஃபிலிம் மோடு என்ற மெனுவுக்குள் நாய்ஸ் (புள்ளி) குறைப்பை இரண்டு படி கீழே இறக்கினால் தலைமுடி, புடவை நெசவு போன்ற நுண்மைகள் மெழுகினாற்போல் ஆகாமல் தப்பும்.

எஃப்/8 வெச்சா எல்லாம் ஷார்ப்பா வரும்னாங்க, எனக்கு மங்கலாத்தான் வருது?

அது பெரிய கேமராக்களுக்கான பாடம். சென்சார் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது எஃப்/5.6-ஐத் தாண்டினாலே ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப்/8 இரண்டிலும் கடைசிப் படி, மிக மங்கலான படியும் அதுதான். எஃப்/2.8-க்கும் எஃப்/4-க்கும் இடையில்தான் இந்த லென்ஸ்கள் கூர்மை. சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் தானாகவே அதிகம் என்பதால் எஃப்/2.8-இலேயே குழுப் படம் முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக வரும்.

எஃப்/8 தேவைப்படும் ஒரே இடம், கொளுத்தும் வெயிலில் ஷட்டர் வேகம் போதாமல் போகும்போது. எஸ்95-இன் அதிகபட்ச வேகம் 1/1600 நொடி, எல்எக்ஸ்5-க்கு 1/4000. நண்பகல் கடற்கரையில் எஸ்95-ஐ எஃப்/2-இல் வைத்தால் படம் வெளுத்துப்போவதற்கு இதுவே காரணம். எஃப்/4-க்குப் போனால் தீர்ந்தது.

பூ, பூச்சி எடுக்க எது நல்லது?

எல்எக்ஸ்5 24 மி.மீ.-இல் 1 செ.மீ. வரை நெருங்கும், எஸ்95 28-இல் 5 செ.மீ. வரை. ஆனால் 1 செ.மீ.-இல் கேமராவின் நிழலே பூவின் மேல் விழும், பூச்சியும் பறந்துவிடும். நடைமுறையில் 5 செ.மீ. போதும். எல்எக்ஸ்5-இல் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்விட்சை மேக்ரோவுக்குத் தள்ளாமல் நெருங்கினால் ஃபோகஸ் பிடிக்காது. அந்த ஸ்விட்சும் பைக்குள் நகரும் வகைதான்.

வெளி ஃபிளாஷ் மாட்ட முடியுமா?

எல்எக்ஸ்5-இல் மேலேயே ஹாட் ஷூ இருக்கிறது. ஃபிளாஷை மாட்டிக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் வீட்டுக்குள் எடுக்கும் முகங்கள் அடியோடு மாறிவிடும். ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ்களை மட்டும் மாட்டாதீர்கள். சிலவற்றின் டிரிகர் வோல்டேஜ் (ஃபிளாஷ் கேமரா முனைக்கு அனுப்பும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும், கேமராவின் மின்சுற்றைப் பொசுக்கிவிடும்.

எஸ்95-இல் ஹாட் ஷூ இல்லை. ஒளியைப் பார்த்துத் தானாக வெடிக்கும் ஸ்லேவ் ஃபிளாஷை அறையில் தனியே வைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் வரும்: கேமரா அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறு வெடிப்பு விடும், ஸ்லேவ் அதற்கே வெடித்துத் தீர்ந்துவிடும், உண்மையான படத்தில் இருட்டு. மேனுவல் முறைக்குப் போய் ஃபிளாஷ் அளவைக் குறைந்தபட்சத்தில் வைத்தால் முன்வெடிப்பு நின்றுவிடும்.

எஸ்95-இன் உள் ஃபிளாஷ் மோட்டாரால் இடது மூலையில் எழும். சரியாக இடது சுட்டுவிரல் இருக்கும் இடம் அது. விரலால் அமுக்கிப் பிடித்தால் பற்சக்கரம் கெடும். இடது கையைக் கீழே தாங்கலாக வைக்கப் பழகுங்கள்.

வீடியோவுக்கு?

இரண்டும் 720பி மட்டுமே, மைக் செருக இடம் இல்லை. எஸ்95-இல் பதிவு ஓடும்போது ஜூமும் நகராது, தொடங்கும்போது பிடித்த ஃபோகஸும் மாறாது. எல்எக்ஸ்5-இல் இரண்டும் முடியும். ஆனாலும் வீடியோதான் நோக்கம் என்றால் போனே போதும்.

பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்? புதுசு கிடைக்குமா?

புதிதாக இருந்தபோது எஸ்95-க்கு ஒரு சார்ஜில் 200 படம், எல்எக்ஸ்5-க்கு 400 படம் என்பது நிறுவனங்கள் தந்த கணக்கு. பதினைந்து ஆண்டு பழைய பேட்டரியில் பாதி வந்தாலே நல்லது. எஸ்95-க்கு என்பி-6எல், எல்எக்ஸ்5-க்கு டிஎம்டபிள்யூ-பிசிஜே13. வேறு நிறுவனங்களின் மாற்றுப் பேட்டரிகள் இரண்டுக்கும் கிடைக்கும். எல்எக்ஸ்5 பேட்டரியின் அடையாளச் சில்லைப் பார்க்கும். ஒத்துவராததைப் போட்டால் இந்தப் பேட்டரியைப் பயன்படுத்த முடியாது என்று செய்தி காட்டி நின்றுவிடும். வாங்கும் முன் பொருத்தம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டிலும் யூஎஸ்பி வழி சார்ஜ் ஏறாது. பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில்தான் போட வேண்டும். பழைய கேமராவைச் சார்ஜர் இல்லாமல் விற்றால் அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பேட்டரியின் வயிறு உப்பியிருந்தால் திரும்பச் சார்ஜ் செய்யவே கூடாது. கேமராவுக்குள் சிக்கிக்கொள்வதோடு தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

போனுக்குப் படத்தை எப்படி மாத்துறது?

வைஃபை இரண்டிலும் கிடையாது. டைப்-சி முனை உள்ள எஸ்டி கார்டு ரீடர் ஒன்று வாங்கி, கார்டைச் செருகிப் போனில் மாட்டுங்கள். பென் டிரைவ்போலத் திறக்கும். 16 அல்லது 32 ஜிபி கார்டு போதும். ரா கோப்பு ஒன்று 10 முதல் 15 எம்பி என்றாலும் 32 ஜிபியில் இரண்டாயிரம் ரா படங்கள் அடங்கும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது எதை எதைப் பாக்கணும்?

சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் கார்டும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் ஆன், ஆஃப் பத்து முறை. லென்ஸ் நீளும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். திக்கினாலோ நறநறவென்றாலோ உள்ளே மணல் போயிருக்கிறது. எஸ்95-இன் லென்ஸ் இதழ்கள் முழுதாகத் திறக்கின்றனவா, மூடுகின்றனவா என்று பாருங்கள். ஜூமை இரு கோடிக்கும் ஓட்டுங்கள்.

அடுத்தது தூசி. அப்பர்ச்சரை எஃப்/8-இல் வைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுத்துத் திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை தேடுங்கள். ஒரே இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு வந்தால் சென்சார் மேல் தூசி. நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றை உள்ளே இழுப்பதால் இரண்டிலும் இது வரும். வெளியிலிருந்து துடைக்க முடியாது, முழுக்கப் பிரிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலைத் தவிர எஃப்/8-க்குப் பயனில்லை என்று மேலே சொன்னோம். இந்தச் சோதனைக்கு அதுவே சரி, ஏனென்றால் சின்னத் துளையில்தான் தூசியின் நிழல் அழுத்தமாக விழும்.

பிறகு லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து போன் டார்ச்சை அடியுங்கள். சிலந்தி வலைபோல வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். கடைசியாகச் செங்கல் சுவரையோ புத்தக அலமாரியையோ நேராக நின்று எஃப்/2.8-இல் எடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த கேமரா அது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும். ஃபிளாஷையும் ஒருமுறை வெடிக்கவிட்டுப் பாருங்கள்.

"லென்ஸ் எரர்"னு வந்து நின்னுடுச்சு, சரி பண்ண முடியுமா?

எஸ்95-இல் இப்படி வரும். எல்எக்ஸ்5-இல் சிஸ்டம் எரர் என்று வரும். முதலில் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போடுங்கள். பேட்டரி தளர்ந்தால் மோட்டார் பாதியில் நிற்கும். தீராவிட்டால் பேட்டரியையும் கார்டையும் பத்து நிமிடம் கழற்றி வைத்து, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து ஆன் செய்யுங்கள். லென்ஸ் குழாய்களின் இடுக்கில் காற்றுப் பம்பால் ஊதுங்கள். கையால் இழுப்பதும் தள்ளுவதும் கூடாது, பிளாஸ்டிக் பற்கள் உடைந்துவிடும். இதற்கும் மசியவில்லையென்றால் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் வேறொரு கேமரா பார்ப்பது மேல்.

திரையில செங்குத்தா ஊதா கோடு வருது, சென்சார் போச்சா?

போகவில்லை. சூரியனோ தெருவிளக்கோ சட்டத்துக்குள் வந்தால் சிசிடியில் மின்னேற்றம் நெடுக்காக வழிந்து கோடாகத் தெரியும். திரையிலும் வீடியோவிலும்தான் வரும். படம் எடுக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்வதால் பதிவான படத்தில் பெரும்பாலும் இருக்காது. விளக்கை விலக்கிய பிறகும் கோடு அப்படியே நின்றால்தான் கோளாறு.

ராவைத் திறந்தா சுவரெல்லாம் வளைஞ்சிருக்கு. ஜேபெக்ல நேரா இருக்கே?

எல்எக்ஸ்5-இன் 24 மி.மீ. கோடியில் லென்ஸ் பீப்பாய்போல வளைக்கிறது. கேமரா ஜேபெக் உருவாக்கும்போதே அதை நிமிர்த்திவிடுகிறது. லைட்ரூம் மென்பொருள் ராவிலும் இந்தத் திருத்தத்தைத் தானாகச் செய்யும். டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களில் லென்ஸ் திருத்தப் பகுதியை நாமே இயக்க வேண்டியிருக்கும். எஸ்95-இலும் 28-இல் ஓரளவு இதே கதைதான்.

இதுக்கு முந்தின, பிந்தின மாடல் கிடைச்சா வாங்கலாமா?

எஸ்90 (2009) படத்தில் எஸ்95-க்குச் சமம். வீடியோ 640-க்கு 480 மட்டும், பின்புறச் சக்கரம் பிடிமானமில்லாமல் தானே சுற்றும். எஸ்100 (2011) சிசிடிக்குப் பதிலாகச் சிமாஸ் வகை சென்சார், 24 முதல் 120 மி.மீ., முழு எச்டி வீடியோ. ஆனால் லென்ஸ் எரருக்குப் பெயர் போனது, அதனால் மேலே சொன்ன ஆன், ஆஃப் சோதனையை இரண்டு மடங்காகச் செய்யுங்கள்.

எல்எக்ஸ்3 (2008) 60 மி.மீ.-இலேயே நின்றுவிடும். எல்எக்ஸ்7 (2012) எஃப்/1.4-இல் தொடங்கி 90 மி.மீ.-இலும் எஃப்/2.3 வைத்திருக்கும், பேட்டரியும் எல்எக்ஸ்5-இனுடையதே. விலை எட்டினால் யோசிக்காமல் எல்எக்ஸ்7-ஐ எடுங்கள். லைக்கா டி-லக்ஸ் 5 என்பது எல்எக்ஸ்5-இன் இரட்டைப் பிறவி. லைக்காவின் சிவப்பு வட்டச் சின்னத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

ரெண்டும் கையில இருக்கு. நேர்மையா ஒப்பிட்டுப் பாக்கணும்னா எப்படி?

இரண்டையும் முக்காலியில் வைத்து, எல்எக்ஸ்5-ஐ 4:3-க்கு மாற்றி, ஜூமைத் தள்ளி எஸ்95-இன் 28 மி.மீ. சட்டத்தோடு விளிம்பு பொருந்தும்படி வையுங்கள். ஒரே அப்பர்ச்சர், ஒரே ஐஎஸ்ஓ, ஒரே ஷட்டர் வேகம், இரண்டு நொடி டைமர். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் இரண்டிலும் ஒரே குறியில் வையுங்கள். ராவில் எடுத்து, ஒரே மென்பொருளில், ஒரே அமைப்பில் திறந்து பாருங்கள். ஜேபெக்கை ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது இரண்டு நிறுவனங்களின் ரசனையை.

ஒரு படம் கொஞ்சம் வெளிச்சமாக வந்தால் குழம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ 400 என்று இரு கேமராவும் சொல்வது துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. மென்பொருளில் வெளிச்சத்தைச் சமன்செய்துவிட்டுப் புள்ளிகளைப் பாருங்கள். பிறகு இதே சோதனையை ஜூமின் கோடியில், கூடத்து வெளிச்சத்தில், கையில் பிடித்துக்கொண்டு, அசையும் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். இரண்டும் பிரியும் இடம் அங்கேதான் தெரியும்.